ஓரமாகக் கிடக்கும் சேர்வரை அவசரத்துக்கு எப்படித் தயார் செய்வது: திருகோணமலையில் கடை, அலுவலகம் நடத்துபவர்களுக்கு

மாமாவின் கடை திருகோணமலை மத்திய வீதிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வலை, கயிறு, பெயின்ட், படகு இஞ்சின் உதிரிப்பாகம் விற்கிறோம். கணக்கும் கொம்பியூட்டரும் என் பொறுப்பு. படகுக்காரர்களின் கடன் கணக்கு முழுவதும் ஒரே ஒரு சேர்வரில் (கடைக் கொம்பியூட்டர்கள் எல்லாம் சேர்ந்து பாவிக்கும் பொதுக் கொம்பியூட்டர்) இருந்தது. ஒரு டிசம்பர் மழையில் இரவு முழுக்கக் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்து, காலையில் அந்தச் சேர்வர் எழும்பவில்லை.

எங்களிடம் இன்னொரு சேர்வர் இருந்தது. மூடப்பட்ட ஓர் அலுவலகத்திலிருந்து மலிவாக வாங்கி, அவசரத்துக்கு உதவும் என்று மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்தோம். அவசரம் வந்தபோது அதை வேலைக்கு எடுக்க மூன்று நாள் ஆனது. பயாஸ் பற்றரி, அதாவது சேர்வரின் திகதியையும் தொடக்க அமைப்பையும் நினைவில் வைக்கும் சிறு பற்றரி, செத்திருந்தது. மென்பொருளின் கடவுச்சொல், அதைப் போட்டுத் தந்த தம்பிக்கு மட்டும் தெரியும். அவர் வெளிநாடு போய்விட்டார். எல்லாவற்றையும் விட, அதில் இருந்த தரவுப் பிரதி ஆகஸ்ட் மாதத்தோடு நின்றுபோயிருந்தது. நாலு மாதக் கணக்கை, சிட்டைக் கொப்பிகளைப் பார்த்து, மூன்று பேர் பதினொரு இரவு இருந்து திரும்ப அடித்தோம்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து சரியாகச் செய்தேன். உங்களுக்கு அந்தப் பதினொரு இரவு வரக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். ஐந்து முதல் இருபது கொம்பியூட்டர் வரை உள்ள கடை, டியூஷன் நிலையம், பாமசி, சங்க அலுவலகம் போன்ற இடங்களுக்கு இது பொருந்தும். இதைவிடப் பெரிய இடம் என்றால் சம்பளத்துக்கு ஓர் ஆள் வேண்டும்.

1. முதலில் இரண்டு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்

சேர்வரைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள். எவ்வளவு நேரத்து வேலை அழிந்தால் தாங்கலாம்? எவ்வளவு நேரம் கடை கொம்பியூட்டர் இல்லாமல் ஓடும்?

எங்கள் பதில்: ஒரு நாள் வேலை அழிந்தாலும் சிட்டைப் பிரதி கையில் இருக்கிறது, திரும்ப அடிக்கலாம். ஆனால் அரை நாளுக்கு மேல் கணக்குப் பார்க்க முடியாவிட்டால் கடனுக்குச் சாமான் கொடுக்க முடியாது. இந்தப் பதில்தான் பின்னால் வரும் எல்லாச் செலவையும் தீர்மானிக்கிறது. ஒரு நாள் போகலாம் என்றால் இரவில் ஒரு தடவை பிரதி எடுத்தால் போதும். ஐந்து நிமிடம்கூடப் போகக்கூடாது என்றால் இரண்டு சேர்வரும் இரவு பகல் சேர்ந்தே ஓட வேண்டும். அது வேறு வேலை, வேறு காசு. முதலாளியையும் பக்கத்தில் இருத்தி, அவர் வாயால் பதிலைச் சொல்ல வையுங்கள். பிறகு செலவு கேட்கும்போது உதவும்.

2. பெட்டியைத் திறந்து பாருங்கள்

பழைய சேர்வர் லைட் எரிகிறது என்பதால் அது நல்லது என்று ஆகாது. நம் ஊரில் உப்புக்காற்று. கடலில் இருந்து அரை மைல் தள்ளியிருந்தாலும் மெமரித் தகட்டின் தங்கப் பற்களில் கறை பிடிக்கும், கேபிள் முனைகளில் பச்சை பூக்கும்.

பிளக்கைக் கழற்றிவிட்டு, வெளியே எடுத்துப்போய்த் தூசியைத் தூரிகையால் தட்டுங்கள். மெமரித் தகடுகளைக் கழற்றி ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட துணியால் பற்களைத் துடைத்து, காய்ந்த பிறகு போடுங்கள். மதர்போர்டில் சிறிய உருளைகள் இருக்கும். தலை வீங்கியிருந்தால் அல்லது கசிந்திருந்தால் அந்தச் சேர்வரை விட்டுவிடுங்கள், அதில் காசு போடாதீர்கள். பயாஸ் பற்றரியை யோசிக்காமல் மாற்றுங்கள். பெரும்பாலும் சிஆர் 2032 என்ற நாணயப் பற்றரிதான். அது செத்திருந்தால் ஒவ்வொரு தடவை கரண்ட் போகும்போதும் திகதி பின்னால் ஓடும், எந்த டிஸ்கிலிருந்து எழும்ப வேண்டும் என்பதையும் மறக்கும். திகதி பிழைத்தால் சிட்டையில் பிழையான திகதி விழும், பாதுகாப்புச் சான்றிதழ்களும் வேலைசெய்யாது.

அப்புறம் இரண்டு சோதனை. மெமரிக்கு மெம்டெஸ்ட்86 பிளஸ்; ஒரு பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரு பிழை வந்தாலும் தகட்டை மாற்ற வேண்டும், "ஒன்றுதானே" என்று விடக்கூடாது. டிஸ்கிற்கு ஸ்மார்ட் அறிக்கை, அதாவது டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் அறிக்கை. அதில் நீண்ட பட்டியல் வரும். நீங்கள் பார்க்க வேண்டியது 5, 197, 198 என்று இலக்கமிட்ட மூன்று வரிசைகளின் கடைசிக் கட்டத்தை. மூன்றும் பூச்சியமாக இருக்க வேண்டும். 9ஆம் வரிசையில் அந்த டிஸ்க் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று இருக்கும். ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம். 40,000 என்று காட்டினால் அது நாலரை வருடம் நிற்காமல் ஓடிய டிஸ்க். என்னுடையது 51,000 காட்டியது. சோதனையில் தேறினாலும் அதை நம்ப எனக்கு மனம் வரவில்லை. புதிதாக இரண்டு போட்டேன்.

பெரிய பொறி ஒன்று இங்கே இருக்கிறது. பழைய சேர்வர்களில் ரெய்ட் அட்டை என்று ஒன்று இருக்கும், இரண்டு மூன்று டிஸ்கை ஒன்றாகச் சேர்த்து ஓட்டுவதற்கு. அந்த அட்டை பழுதானால், டிஸ்க் நல்லதாக இருந்தாலும் வேறு வகை அட்டையில் தரவு வாசிக்காமல் போகலாம். அதே அட்டையை இங்கே தேடிப் பிடிக்க முடியாது. அதனால் அட்டையை ஓரமாக விட்டு, இயங்குதளத்தின் சொந்த வசதியாலேயே இரண்டு டிஸ்கையும் கண்ணாடிப் பிரதியாகப் போடுங்கள். அப்படிச் செய்தால் டிஸ்கைக் கழற்றி அதே இயங்குதளம் உள்ள வேறு கொம்பியூட்டரில் போட்டு வாசிக்கலாம். ஒன்றை மறக்காதீர்கள்: இரண்டு டிஸ்கில் எழுதுவது டிஸ்க் பழுதிலிருந்துதான் காப்பாற்றும். தவறுதலாக ஒரு கணக்கை அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும்.

3. வைக்கும் இடமும் கரண்டும்

மாடிப்படிக்குக் கீழே வைக்காதீர்கள். நாங்கள் செய்த முதல் பிழை அது. வடகீழ்ப் பருவமழையில் வீதித் தண்ணீர் கடைக்குள் வந்தால் முதலில் நனைவது அந்த மூலைதான். தரையிலிருந்து மூன்று அடியாவது மேலே, கூரைத்தகடு ஒழுகாத இடத்தில், ஏசியின் தண்ணீர்க் குழாய்க்கு நேர் கீழே இல்லாமல் ஒரு றாக்கை அடியுங்கள். பொலித்தீனால் சுற்றி வைப்பதும் பிழை. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாது. மழைக்குப் பயம் என்றால் மேலே சரிவாக ஒரு படங்கு கட்டுங்கள், பக்கங்கள் திறந்திருக்கட்டும்.

முதன்மைச் சேர்வர் இருக்கும் அறையிலும் வைக்காதீர்கள். தீயோ இடியோ ஒன்றைப் பிடித்தால் மற்றதும் போகும். எங்களுடையது இப்போது பின்பக்கக் களஞ்சிய அறையில், வேறு பிரேக்கரில் இருக்கிறது. இடி பற்றி இன்னொன்று: பழைய செப்புத் தொலைபேசி வயரில் இன்டர்நெட் வருகிறதென்றால் அந்த வயர் வழியாகவும் மின்னல் உள்ளே வரும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடிமுழக்கம் தொடங்கினால் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது, அந்த வயரையும் கழற்ற வேண்டும். ஃபைபர் கண்ணாடி நாரில் அந்தப் பயம் இல்லை.

யுபிஎஸ் (கரண்ட் போனதும் பற்றரியால் கொஞ்ச நேரம் தாங்கும் பெட்டி) கட்டாயம். 650 விஏ என்று எழுதியிருப்பது சாதாரணமாக 360 முதல் 390 வாட் வரைதான் தாங்கும். ஒரு கோபுரச் சேர்வரும் ரவுட்டரும் சுவிட்சும் சேர்ந்து எனக்கு 100 வாட் அளவு எடுத்தது. புதுப் பற்றரியில் 15 நிமிடம் நின்றது. ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் நெட்வேர்க் சுவிட்சையும் அதே யுபிஎஸ்ஸில் போடுங்கள். சேர்வர் மட்டும் எரிந்துகொண்டிருந்து சுவிட்ச் செத்தால் யாருக்கும் பயன் இல்லை.

இந்த யுபிஎஸ் மணிக்கணக்கில் வேலை செய்வதற்கு அல்ல, ஒழுங்காக அணைப்பதற்கு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்கள் அல்லவா, அப்போது ஒவ்வொரு தடவையும் பற்றரியைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சியதால் எங்கள் யுபிஎஸ் பற்றரி இரண்டும் வீணாகின. ஈயப் பற்றரியை அப்படி வெறுமையாக்கக்கூடாது. யுபிஎஸ்ஸிலிருந்து யுஎஸ்பி கேபிளைச் சேர்வருக்குக் கொடுத்து, பற்றரி பாதிக்கு இறங்கியதும் சேர்வர் தானாக அணையும்படி வையுங்கள். நம் வெக்கையில் அந்தப் பற்றரியை இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டிவரும். மாற்றிய திகதியை மேலே மார்க்கரால் எழுதுங்கள்.

வாங்கும்போது ஒரு கவனம். சில சேர்வர்களின் பவர் சப்ளை, மலிவு யுபிஎஸ் தரும் படிக்கட்டு அலைக் கரண்டில் (சீராக ஏறி இறங்காமல் படிபடியாகத் தாவும் கரண்ட்) குழம்பி அணைந்துவிடும். கடைக்காரரிடம் கேட்டு, முடிந்தால் உங்கள் சேர்வரையே கொண்டுபோய்ப் பொருத்தி, பிளக்கை இழுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். நான் ஆட்டோவில் கொண்டுபோனேன். முதலில் காட்டிய யுபிஎஸ்ஸில் சேர்வர் அணைந்தது, அடுத்ததில் நின்றது.

4. உள்ளே என்ன போடுவது

முதன்மைச் சேர்வரில் என்ன இருக்கிறதோ அதே பதிப்பு. இங்கே புதுமை வேண்டாம். தரவுத்தளத்தின் (கணக்கு எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் மென்பொருள்) பதிப்பு பழையதாக இருந்தால் புதிய பதிப்பில் எடுத்த பிரதியை அது ஏற்காமல் போகலாம். டெபியன், உபுண்டு சேர்வர் என்ற லினக்ஸ் இயங்குதளங்கள் இரண்டும் இலவசம். லினக்ஸ் பழக்கம் உள்ளவர் ஒருவர் அருகில் இருந்தால் அது போதும்.

முதன்மைச் சேர்வர் விண்டோஸ் என்றால் உரிமத்தைப் பாருங்கள். ஒரு விண்டோஸ் சேர்வர் உரிமத்தை இரண்டு பெட்டியில் போட்டுவிட்டு "இது சும்மாதானே இருக்கிறது" என்று சொல்ல முடியாது. பில் மென்பொருளிலும் இதே சிக்கல் உண்டு. பல மென்பொருள்கள் ஒரு குறிப்பிட்ட மதர்போர்டுக்கு, அல்லது யுஎஸ்பியில் செருகும் டொங்கிளுக்குப் பூட்டப்பட்டிருக்கும். எல்லாத் தரவும் பத்திரமாக இருந்து, மென்பொருள் "இந்தக் கணினிக்கு அனுமதி இல்லை" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்?

இதற்கு மென்பொருள் தந்தவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். வாங்கிய சிட்டையின் பிரதி, உரிம இலக்கம், இரண்டாவது சேர்வரின் தொடர் இலக்கம், "முதன்மைச் சேர்வர் பழுதானால் மட்டும் பாவிப்போம்" என்ற ஒரு வரி, கடை முத்திரை. எனக்குப் பதில் வர ஒன்பது நாள் ஆனது, அதுவும் மூன்று தடவை தொலைபேசி எடுத்த பிறகு. அதனால் முழு வேலையிலும் முதலில் அனுப்ப வேண்டியது இந்தக் கடிதம்தான். அனுப்பிவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

5. தரவு எப்படி வந்து சேர வேண்டும்

இதில்தான் நான் நாலு மாதக் கணக்கைத் தொலைத்தேன். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே கொப்பி பண்ணாதீர்கள். நீங்கள் பாதி கொப்பி பண்ணும்போது ஒருவர் பில் போட்டால், முதல் பாதிக்கும் பின் பாதிக்கும் ஒத்துவராது. தரவுத்தளமே தரும் ஏற்றுமதி வசதியால் ஒரே கணத்தின் முழுப் பிரதியை எடுத்து, அந்தப் பிரதிக் கோப்பை அனுப்புங்கள்.

இரண்டாவது, முதன்மைச் சேர்வர் தள்ளக்கூடாது, அவசரச் சேர்வர் இழுக்க வேண்டும். முதன்மைச் சேர்வரிலிருந்து திறந்து பார்க்கக்கூடிய பகிர்வுக் கோப்புறையாக உங்கள் பேக்கப் இருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டும். இழுக்கும் முறையில் அவசரச் சேர்வருக்கு முதன்மையை வாசிக்க மட்டும் அனுமதி; முதன்மைக்கு அவசரச் சேர்வருக்குள் நுழையவே வழி இல்லை. ஆர்சிங்க் என்ற இலவசக் கருவி இதற்குப் போதும்.

மூன்றாவது, நேற்றைய பிரதியின் மேல் இன்றைய பிரதியை எழுதாதீர்கள். ஒரு கணக்கை அழித்தது ஒரு கிழமை கழித்துத்தான் தெரியவரும். நாங்கள் 14 நாள் பிரதி, 8 கிழமைப் பிரதி, 12 மாதப் பிரதி வைத்திருக்கிறோம்.

நான்காவது, இதுதான் என்னைக் கவிழ்த்தது. ஆகஸ்டில் நான் ஒரு கடவுச்சொல்லை மாற்றினேன். அன்றிரவிலிருந்து பிரதி எடுக்கும் வேலை தோற்றுக்கொண்டே இருந்தது. அது யாருக்கும் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை. இப்போது ஒவ்வொரு இரவும் வேலை முடிந்ததும் என் தொலைபேசிக்கு டெலிகிராமில் ஒரு வரி வருகிறது: கடைசிச் சிட்டை இலக்கம், கோப்பின் அளவு, நேரம். தோற்றால் செய்தி அனுப்பு என்று மட்டும் வைக்காதீர்கள். சேர்வரே செத்தால் அந்தச் செய்தியும் வராது. தினமும் நல்ல செய்தி வரவேண்டும், வராத நாளில் எழும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். கடைசிச் சிட்டை இலக்கத்தைச் சேர்த்தது நல்ல முடிவு. மாலையில் கடையில் போட்ட கடைசிச் சிட்டையோடு ஒப்பிட்டால் ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

அளவையும் கணக்குப் பாருங்கள். எங்கள் தரவு, ஸ்கேன் செய்த சிட்டைகளோடு 40 ஜிபி. பழைய 100 மெகாபிட் சுவிட்சில் முழுப் பிரதிக்கு ஒரு மணி நேரம் அளவு. கிகாபிட் சுவிட்சில் பத்து நிமிடத்துக்குள் முடிந்தது. அதையே இன்டர்நெட்டில் வெளியே அனுப்ப, 10 மெகாபிட் ஏற்ற வேகத்தில் ஒன்பது மணி நேரம். மேகச் சேமிப்புக்கு ஏற்றும் எண்ணம் இருந்தால் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, முக்கியமான தரவுத்தளத்தை மட்டும் ஏற்றுங்கள்.

கடையிலேயே இரண்டு சேர்வரும் இருப்பதால், கடைக்கு வெளியே ஒரு பிரதி வேண்டும். 2004 டிசம்பரைக் கண்ட ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை. இரண்டு வெளி டிஸ்க் வாங்கி, ஒன்று கடையில், மற்றது உவர்மலையில் அத்தை வீட்டு அலுமாரியில். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாற்றுகிறோம். டிஸ்கைக் குறியாக்கம் செய்யுங்கள், அதாவது சாவிச்சொல் இல்லாமல் யாரும் வாசிக்க முடியாதபடி வையுங்கள். கடன் கணக்கில் ஆட்களின் அடையாள அட்டை இலக்கமும் விலாசமும் இருக்கின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நம்மை நம்பித் தந்தவர்களின் விவரம் பஸ்ஸில் தொலையக்கூடாது.

6. அவசரச் சேர்வரை எப்போது எரிய விடுவது

24 மணி நேரமும் ஓட விட்டால் 80 வாட் சேர்வர் நாளொன்றுக்கு 1.92 யூனிட், மாதம் 58 யூனிட் அளவு எடுக்கும். உங்கள் கரண்ட் சிட்டையில் கடைசி யூனிட்டுக்கு என்ன விலை போட்டிருக்கிறதோ அதால் பெருக்கிப் பாருங்கள். இரவில் இரண்டு மணி நேரம் மட்டும் என்றால் மாதம் ஐந்து யூனிட்டுக்குள்.

எங்களுடையது இரவு 9 மணிக்குப் பயாஸ் கடிகாரத்தால் தானாக எழும்பி, பிரதியை இழுத்து, செய்தி அனுப்பி, 11 மணிக்கு அணைகிறது. தினமும் கொஞ்சம் சூடாவதால் ஈரமும் பிடிக்காது. அணைந்திருக்கும் சேர்வருக்குள் வைரஸும் நுழையாது. உங்கள் முதல் கேள்விக்குப் பதில் "ஒரு நாள் போகலாம்" என்றால் இதுதான் நல்லது என்பது என் எண்ணம்.

7. கடித உறை

ஒரு தடித்த உறையில் இவற்றை அச்சடித்து வையுங்கள், கையால் எழுதினாலும் சரி:

இரண்டு சேர்வரின் நிர்வாகக் கடவுச்சொற்கள், ரவுட்டரின் கடவுச்சொல், தரவுத்தளக் கடவுச்சொல், குறியாக்கச் சாவி. மென்பொருள் உரிம இலக்கமும் அந்த அனுமதிக் கடிதமும். இன்டர்நெட் நிறுவனத்தில் உங்கள் கணக்கு இலக்கம், யார் பெயரில் இணைப்பு இருக்கிறது என்பது (பல இடங்களில் முன்னாள் வாடகைக்காரர் பெயரில் இருக்கும், அப்படியென்றால் அதை இப்போதே மாற்றுங்கள், பழுது சொல்லும்போது உரியவரைக் கேட்பார்கள்). சேர்வர், டிஸ்க், யுபிஎஸ் வாங்கிய சிட்டைகளும் உத்தரவாத அட்டைகளும். வெப்பத்தாளில் அச்சடித்த சிட்டை ஒரு வருடத்தில் வெளிறும், அதனால் போட்டோக்கொப்பி எடுத்து வையுங்கள். கடைசியாக, அடுத்த பகுதியில் சொல்லும் படிகள்.

உறை இரண்டு. ஒன்று கடைப் பெட்டகத்தில், மற்றது வீட்டில். திறப்பு யாரிடம் என்பதும் இரண்டு பேருக்குத் தெரிய வேண்டும்.

8. மாற்றும் நாள்

முதன்மைச் சேர்வர் விழுந்துவிட்டது. கவுண்டரில் ஆட்கள் நிற்கிறார்கள். இந்த நேரத்தில் யோசிக்க முடியாது, அதனால்தான் படிகளை முன்பே எழுதுகிறோம்.

எங்கள் விதி 20 நிமிடம். அதற்குள் முதன்மை எழும்பாவிட்டால் மாற்ற வேண்டும். முடிவை எடுப்பவர் மாமா. அவர் இல்லாவிட்டால் நான். "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று இழுத்துத்தான் அன்று முதல் நாளையே வீணாக்கினோம்.

முதலில் பழைய சேர்வரின் நெட்வேர்க் கேபிளைக் கழற்றுங்கள். அணைத்தால் போதாது, கேபிளைக் கையால் கழற்ற வேண்டும். கழற்றி, "செருகாதே" என்று தாள் ஒட்டுங்கள். ஏன் என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

அவசரச் சேர்வரை எழுப்பி, கடைசிப் பிரதியை மீட்டெடுத்து, அதில் உள்ள கடைசிச் சிட்டை இலக்கத்தைத் தாளில் எழுதுங்கள். அதற்குப் பிறகு போட்டவை கொப்பியில்தான் இருக்கும்.

பிறகு முகவரி. கவுண்டர்கள் எல்லாம் 192.168.1.10 என்ற முகவரியைத் தேடுகின்றன என்றால், அந்த முகவரியை அவசரச் சேர்வருக்குக் கொடுங்கள். இலக்கத்துக்குப் பதிலாகப் பெயரால் தேடும்படி முன்பே மாற்றி வைத்திருந்தால் இன்னும் நல்லது. ரவுட்டரில் ஒரு இடத்தில் மாற்றினால் போதும். மாற்றிய பிறகும் சில கவுண்டர்கள் பழைய பெட்டியையே தேடிக்கொண்டிருக்கும். அவற்றை அணைத்து எழுப்புங்கள், வந்துவிடும்.

புதுச் சிட்டை இலக்கத்தைத் தொடர்ச்சியாக விடாமல் ஒரு முன்னெழுத்துச் சேர்த்துத் தொடங்குங்கள், உதாரணமாக "அ" என்று. கொப்பியிலிருந்து பின்னால் அடிக்கும் சிட்டைகளோடு மோதாது. வரிப் பட்டியல் கொடுக்கும் கடை என்றால் இந்த முறையை உங்கள் கணக்காளரிடம் முன்பே காட்டிச் சரி என்று வாங்குங்கள்.

ஒரு கவுண்டரில் மட்டும் ஒரு சிட்டை போட்டு, அச்சடித்து, ஒரு கடன் கணக்கைத் திறந்து பாருங்கள். எல்லாம் சரி என்றால் மற்றவர்களை விடுங்கள். அச்சு இயந்திரத்தின் மென்பொருளை அவசரச் சேர்வரில் போட மறந்ததால் நாங்கள் முதல் ஒத்திகையில் அரை மணி நேரம் நின்றோம்.

இப்போது ஒரு பொறி. அவசரச் சேர்வர் வேலைக்கு வந்த அந்த நிமிடத்திலிருந்து உங்களிடம் அவசரச் சேர்வர் இல்லை. அன்று மாலையே வெளி டிஸ்கைச் செருகிப் பிரதி எடுங்கள்.

9. திரும்பி வருவது

மாற்றுவதைவிடத் திரும்புவதில்தான் அதிகம் கெட்டுப்போகும். எங்கள் முதன்மைச் சேர்வருக்குப் பவர் சப்ளை கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலிருந்து வந்து, இரண்டு கிழமைக்குப் பிறகு திருத்தப்பட்டது. யாரோ நல்லெண்ணத்தில் கேபிளையும் செருகி எழுப்பிவிட்டார்கள். ஒரே முகவரியில் இரண்டு சேர்வர். சில கவுண்டர்கள் இதில் எழுதின, சில அதில். மாலையில் பார்த்தால் 37 சிட்டை இலக்கங்கள் இரண்டு தடவை இருந்தன, ஒரு படகுக்காரர் கட்டிய பணம் ஒன்றில் மட்டும் பதிவாகியிருந்தது. அவர் முகத்தைப் பார்த்து, சிட்டையைக் காட்டுங்கள் என்று கேட்க வேண்டிவந்தது. அது எனக்கு இன்றும் வருத்தம்.

அதனால்: திருத்தி வந்த சேர்வரைக் கேபிள் இல்லாமல் எழுப்பி, முதலில் அதன் முகவரியை மாற்றுங்கள். அதில் உள்ள பழைய தரவை ஒரு வெளி டிஸ்கில் எடுத்து, திகதி எழுதி ஒதுக்கிவிட்டு, சேர்வரைத் துடைத்துவிடுங்கள். கடை பூட்டிய பிறகு அவசரச் சேர்வரிலிருந்து புதிய தரவை அதற்கு ஏற்றுங்கள். மூன்றைச் சரிபாருங்கள்: கடைசிச் சிட்டை இலக்கம், அன்றைய மொத்த விற்பனை, ஏதாவது ஐந்து கடன் கணக்கின் மீதி. மூன்றும் இரண்டு சேர்வரிலும் ஒரே தொகை என்றால் மட்டும் முகவரியை மாற்றுங்கள்.

இரண்டு பெட்டியும் ஏறக்குறைய ஒரே பலம் என்றால், திரும்பவே வேண்டாம் என்பேன். திருத்தி வந்தது இனி அவசரச் சேர்வராக இருக்கட்டும். ஒரு மாற்றம் குறைந்தால் ஒரு பிழை குறையும்.

10. செலவும் நாளும்

சேர்வரை விட்டு, எனக்கு ஆனது: டிஸ்க் இரண்டு 44,000, வெளி டிஸ்க் இரண்டு 38,000, யுபிஎஸ் 18,500, கிகாபிட் சுவிட்ச் 8,500, கேபிளும் முனைகளும் 3,000, துப்புரவுச் சாமான் 1,500, பயாஸ் பற்றரி 200. மொத்தம் 113,700 ரூபாய். ஒரே தடவையில் முடியாவிட்டால் முதலில் வெளி டிஸ்க், அடுத்தது யுபிஎஸ், பிறகு உள் டிஸ்க். சுவிட்ச் கடைசிக்கு நிற்கலாம்.

மாலை வேளைகளில் மட்டும் செய்து மூன்று கிழமை பிடித்தது. அதில் அதிக நாள் காத்திருந்தது மென்பொருள் கடிதத்துக்கும் கொழும்பிலிருந்து சாமான் வருவதற்கும். ஜூலையில் தொடங்கி செப்டெம்பர் கடைசிக்குள் முடியுங்கள். ஒக்டோபரில் மழை பிடித்தால் சாமான் வரும் வீதியும் நிச்சயமில்லை, கரண்டும் நிச்சயமில்லை. புரெவி புயல் நம் கரைக்கு வந்தது 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு. அந்த மாதத்தில் யாரும் நிதானமாகக் கடிதம் எழுத முடியாது.

11. போயா நாள் ஒத்திகை

போயா நாளில் (பௌர்ணமி விடுமுறை) வங்கி இல்லை, அலுவலகங்கள் இல்லை, கடையிலும் ஆள் குறைவு. மாதத்துக்கு ஒரு தடவை தானாக வருகிறது, நினைவு வைக்கவும் தேவையில்லை. அன்று காலை முதன்மைச் சேர்வரின் கேபிளைக் கழற்றி, 8ஆம் பகுதியின் படிகளைக் கடைசி வரை செய்கிறோம். மெய்யான சிட்டை போடுவதில்லை. "சோதனை" என்ற பெயரில் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். முடிந்ததும் அவசரச் சேர்வரை அதன் சொந்த முகவரிக்குத் திருப்பிய பிறகுதான் முதன்மையின் கேபிளைச் செருகுகிறோம்.

முதல் தடவை இரண்டு மணி 40 நிமிடம் ஆனது. ஐந்தாவது தடவை 25 நிமிடம். அதில் ஒரு வித்தியாசம்: முதல் மூன்றையும் நான் செய்தேன், நாலாவதிலிருந்து கடையில் வேலை செய்யும் தம்பியிடம் உறையைக் கொடுத்துவிட்டு நான் கதிரையில் இருந்தேன், வாய் திறக்கவில்லை. அவர் எங்கே நின்று யோசித்தாரோ அந்த இடத்தில் என் குறிப்பு தெளிவாக இல்லை என்று அர்த்தம். "சேர்வரை எழுப்பு" என்று எழுதியிருந்தேன். எந்தப் பொத்தான் என்று கேட்டார். இப்போது அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறது, குறிப்பிலும் "சிவப்பு நாடாவுக்கு வலப்பக்கம்" என்று இருக்கிறது.

ஒத்திகை முடிந்ததும் திகதியையும் எடுத்த நேரத்தையும் உறையின் பின்பக்கம் எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, திரும்பப் பெட்டகத்தில் வைக்கிறோம். அந்த மாதத்தில் ஏதாவது கடவுச்சொல் மாறியிருந்தால் அன்றே வீட்டு உறையையும் திறந்து மாற்றுகிறோம்.